மூத்த சர்வர் உயிரோடு இருக்கிறது

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: இயக்குநர், நிர்வாக அதிகாரி, கணக்கு, சட்டம், பொது ஆகிய பிரிவுகளின் தலைவர்கள், அவர்களில் ஒருவர் உறக்கத்தில்; நெட்வொர்க் பார்க்கும் ஒப்பந்தப் பெண், நாற்காலி ஒதுக்கப்படாததால் நின்றபடி; நான்காம் கவுன்ட்டர் குமாஸ்தா; மூத்த சர்வர், நேரில் வரவில்லை என்றாலும் வந்ததாகக் கொள்ளப்பட்டது.

நிர்வாக அதிகாரி இதை வாசித்து முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் இயக்குநர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அது உயிர்ச்சான்று கொடுக்கும் அலுவலகம். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே வந்து, தாங்கள் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் குமாஸ்தா வந்தவரின் முகத்தைப் பார்ப்பான். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பார்ப்பான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பட்டால் ஒரு பொத்தானைத் தட்டுவான். சான்று அச்சாகி வந்துவிடும். கண் சிமிட்டுகிற நேரத்து வேலை, கம்ப்யூட்டர் திறந்தால்.

திறப்பதில்தான் தகராறு. காலையில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ‘வரவேற்கிறோம்’ என்று வரும். அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும். வரவேற்பு முடிந்து உள்ளே விட மனசு வருவதற்குள் ஹாலில் இருக்கும் பெஞ்சுகள் நிறைந்து, ஜன்னல் கட்டை நிறைந்து, மாடிப்படி நிறைந்துவிடும். உயிரோடு இருப்பதை நிரூபிக்க வந்தவர்கள் அந்த முயற்சியிலேயே பாதி உயிரை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். இதில் மர்மம் எதுவும் இல்லை. அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் காலையில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்படி இருந்த சர்வர், மேலே ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டி, புகை விட்டு, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. அந்த இடத்துக்குப் புதுசு ஒன்று வந்தது. ஆனால் செத்துப்போன சர்வரைத் திறந்துவைத்தவர் இப்போதைய இயக்குநர். சர்வர் அறைக் கதவில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. வருடாந்தர அறிக்கையில் வருஷம் தவறாமல் ‘சிறப்பாக இயங்கி வருகிறது’ என்று எழுதிவருகிறார்கள். அதனால் புதுசுக்கு உதவி சர்வர் என்று பெயர் வைத்தார்கள். மூத்தவரைக் கேட்காமல் இளையவரைக் கேட்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஏற்றினார்கள். ஆக, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காலையில் முதலில் பிணத்திடம் போய், “இருக்கிறீர்களா?” என்று கேட்கும். பதில் வராது. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். மறுபடி கேட்கும். மறுபடி காத்திருக்கும். வெறுத்துப்போன பிறகுதான் உயிரோடு இருக்கிறவரிடம் போகும்.

நான்காம் கவுன்ட்டர் குமாஸ்தாவுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. வருகைப்பதிவு லாகின் மூலமாகத்தான். மணி அடிக்கும்போது உள்ளே நுழைந்திராதவர் தாமதம். மூன்று தாமதம் சேர்ந்தால் ஒரு நாள் லீவு போய்விடும். அவன் பெருக்குகிறவள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தாலும் மெஷின் கணக்கில் தாமதம்தான். வருஷம் முழுக்கத் தலைவலி, காய்ச்சல், மாமனார் சாவு எதற்கும் எடுக்காமல் சேர்த்துவைத்த லீவை எலி கடித்த மூட்டை மாதிரி அந்த வட்டம் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது.

அவன் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அந்த வெள்ளியை விட்டால் அந்த டாக்டர் வெளிநாடு போய்விடுவார். திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருத்தர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் உள்ளே எடுக்க மாட்டார்கள். வீட்டு ஆள் என்றால் அவன் ஒருத்தன்தான். செலவு முழுக்க அலுவலகத்து மருத்துவக் காப்பீடு. அவன் இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு இல்லாமல் ஒரு நாள் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள், பெயர் போன அன்றே காப்பீடும் போகும். வேலைக்கு வந்தாலும் ஆபரேஷன் இல்லை, லீவில்லாமல் வராவிட்டாலும் ஆபரேஷன் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள் லீவு. அது மிச்சமிருக்கும் வரை எந்தக் கூட்டத்திலும் நிற்பான், உட்காருவான், தலையாட்டுவான்.

“ஒரு வரிதான் சார்,” என்றாள் நெட்வொர்க் பெண். “முதல்ல பழசைக் கேளுன்னு இருக்கு. அதை எடுத்துட்டா உடனே திறந்துடும். இப்பவே எடுத்துடறேன். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“பழசு இல்லம்மா. மூத்தது,” என்றார் நிர்வாக அதிகாரி. அந்த அம்மாள் சொற்களில் கறாரானவர்.

“சரி மேடம். மூத்தது செத்துப்போச்சு.”

உறங்கிக்கொண்டிருந்த சட்டப் பிரிவுத் தலைவர் கண் விழித்து, யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் மறுபடி மூடிக்கொண்டார்.

இயக்குநர் கண்ணாடியை மாட்டினார். “காரணம் எனக்கும் தெரியும்மா. இங்க எல்லாருக்கும் தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்க நாம கூடல. தாமதத்தைக் குறைக்கக் கூடியிருக்கோம். ரெண்டும் வேற வேற. நான் ஒண்ணு கேக்கறேன். நான் சேர்ந்தப்போ எனக்கு மேல ஒருத்தர் இருந்தார். ஒரு ஃபைலைத் திறந்தவர் இல்ல. ஒரு கையெழுத்து போட்டவர் இல்ல. காலைல வருவார், சாயங்காலம் போவார். ஆனா ஒவ்வொரு ஃபைலும் அவர் மேஜைக்குப் போய்த்தான் என் மேஜைக்கு வரும். நான் ஒரு நாளாவது அவரைத் தாண்டிப் போனேனா? காத்திருந்தேன். அவர் ரிட்டயர் ஆகற வரைக்கும் காத்திருந்தேன். ஒரு வேலையும் கத்துக்காம, ஒரு தப்பும் பண்ணாம, சும்மா காத்திருந்ததாலதான் இன்னைக்கு இந்த நாற்காலி. அந்தப் பண்பாட்டை ஒரு கம்ப்யூட்டர் கெடுக்க நான் விடமாட்டேன்.”

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். குமாஸ்தாவும் தட்டினான்.

“நாலு, நீ சொல்லு,” என்றார் இயக்குநர். நான்காம் கவுன்ட்டர் என்பது அந்த அலுவலகத்தில் நாளடைவில் நாலு ஆகியிருந்தது. “ஜனங்களை நேரா பாக்கறவன் நீதான். என்ன சொல்றாங்க?”

“திட்டறாங்க சார்.”

“யாரை?”

“என்னை சார்.”

“அப்ப நிர்வாகத்து மேல யாருக்கும் குறை இல்ல,” என்று நிர்வாக அதிகாரி குறித்துக்கொண்டார்.

அன்று எடுத்த முடிவு, விரைவு லாகின் வாரம் கொண்டாடுவது. திங்கள் காலையில் பாஸ்வேர்டு அடித்தவுடன் திரையில் இயக்குநர் தோன்றினார். விரைவின் அருமை பற்றி நிதானமாகப் பேசினார். நடுவில் தண்ணீர் குடித்தார். அதையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் ‘நான் விரைவாக லாகின் செய்வேன்’ என்கிற உறுதிமொழி வந்தது. அதைத் தப்பில்லாமல் அடித்த பிறகுதான் வட்டம் வரும். குமாஸ்தா அடித்தான். ஒரு எழுத்து விட்டுப்போனது. இயக்குநர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பெஞ்சின் முன் வரிசையில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் இருந்தார். போன வாரத்திலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தார். “என்ன தம்பி, சிக்னல் விழுந்துதா?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. சுத்துது.”

“நான் சாகறதுக்குள்ள வந்துடுமா?”

“வந்துடும் ஐயா.”

“அவசரம் இல்ல. செத்துட்டா நீ சான்று தர வேண்டியதே இல்ல பாரு. உனக்கும் வேலை மிச்சம்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிக்க யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

அந்த வாரம் அவனுக்கு எல்லா நாளும் தாமதம்.

சில பேர் கம்ப்யூட்டரை அணைக்காமலேயே வீட்டுக்குப் போகப் பழகினார்கள். திறந்தே கிடந்தால் காலையில் யாரையும் கேட்க வேண்டாம். குமாஸ்தாவும் செய்தான். ஒரே ஒரு காலை, ஒரே ஒரு தடவை, மணி அடிக்கும்போது அவன் உள்ளே இருந்தான். அந்தச் சந்தோஷத்தில் ரயில் டிரைவரைக் கூப்பிடுவதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. லாகின் செய்யாமல் உள்ளே இருப்பது பூட்டை உடைத்து உள்ளே இருப்பதற்குச் சமம். இனிமேல் மாலையில் காவலாளி மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட வேண்டும். அந்த ஒரு நல்ல நாளையும் அத்துமீறல் என்று திருத்தி, தாமதக் கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்து, மூத்த சர்வரிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் முண்டியடிப்பது மரியாதைக் குறைவு என்று யாருக்கோ தோன்றியது. ஆகவே பதவி வரிசை வந்தது. முதலில் இயக்குநர், பிறகு நிர்வாக அதிகாரி, பிறகு பிரிவுத் தலைவர்கள், அப்படியே படி இறங்கி, கவுன்ட்டர்கள், கடைசியில் காவலாளி. மேலே இருப்பவர் உள்ளே நுழையாமல் கீழே இருப்பவரின் மெஷின் பாஸ்வேர்டையே வாங்காது. மேலே இருப்பவர் அன்று லீவு என்றால் வரிசை அவருக்காக மாலை வரை நிற்கும். மாலை மணி அடித்து வரிசை கலையும்போதுதான் கீழே இருப்பவர்களுக்கு விடிவு. இயக்குநர் மத்தியானத்துக்கு முன்னால் வருகிற வழக்கம் இல்லை. சட்டப் பிரிவுத் தலைவர் வந்தாலும் பாஸ்வேர்டு அடிப்பதற்குள் தூங்கிவிடுவார்.

தாமதத்தைக் கணக்கிடும் மணி மட்டும் காலையிலேயே அடித்தது.

குமாஸ்தா நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றான். “மேடம், வரிசைப்படி எனக்கு சாயங்காலம்தான் வருது. மணி காலைல அடிக்குது. நான் எப்படி நேரத்துக்கு உள்ள போறது?”

“நேரத்துக்கு வாங்க.”

“வந்துதான் மேடம் உக்காந்திருக்கேன்.”

“உக்காந்தா வந்ததா ஆகாது. லாகின் ஆனாதான் வந்தது. விதி தெளிவா இருக்கு, பாருங்க. நீங்க எங்களைக் குழப்பாதீங்க.”

“மேடம், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை என் வொய்ஃபுக்கு ஆபரேஷன். ஒரு நாள் லீவு மிச்சம் இருந்துது. அதுவும் இப்படிப் போயிட்டா…”

அந்த அம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தார். கெட்டவர் இல்லை. “எனக்கும் மனசு இருக்கு. நான் வேணா உங்களுக்காக ஒரு குழு போடறேன்,” என்றார்.

வீட்டில் அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிவைத்திருந்தாள். கட்டி வந்த பிறகு அவள் குரல் கரகரப்பாகிவிட்டது. பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பேசுகிற கொஞ்சத்தைக் குத்தலுக்கு ஒதுக்கியிருந்தாள்.

“என்னங்க, லீவு சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னா? கிடைச்சுதா இல்லையா?”

“குழு போடறாங்க.”

“கட்டிக்கும் ஒரு குழு போடச் சொல்லுங்க. கூடிப் பேசித் தானா கரைஞ்சு போகட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்படியே விட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவன் போய் ஜிப்பைச் சரிசெய்தான். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் அவன் கையால் சரியான காரியம்.

இதற்கிடையில் தலைமையகத்திலிருந்து தணிக்கைக்காரர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்கு யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள், மூத்த சர்வர் இயங்கவில்லை என்று. நெட்வொர்க் பெண்ணைக் கூப்பிட்டு, “நீயாம்மா?” என்று கேட்டார்கள். “நான் நேர்லயே சொன்னேனே சார், எதுக்கு எழுதணும்?” என்றாள் அவள்.

இயக்குநர் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து ஹாலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். புகை படிந்த பெட்டி. ஒரு மூலை உருகியிருந்தது. ஈரத்தில் துரு வழிந்து, மூக்கு ஒழுகின மாதிரி காய்ந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களைத் தாண்டி நேராக நான்காம் கவுன்ட்டருக்கு வந்து நின்றது. பின்னால் இயக்குநர், நிர்வாக அதிகாரி.

“நாலு, சாருக்கு ஒரு உயிர்ச்சான்று கொடு,” என்றார் இயக்குநர்.

குமாஸ்தா எழுந்து நின்றான். “எந்த சாருக்கு சார்?”

இயக்குநர் பெட்டியின் மேல் கை வைத்தார். “விதி என்ன? விண்ணப்பதாரர் நேர்ல வரணும். வந்தாச்சு. முகம் படத்தோட ஒத்துப்போகணும். திறப்பு விழாப் படம் இருக்கு, பாத்துக்கோ. மூச்சு விடணும், நாடி பாக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. அவ்வளவு வருஷத்தில் அதற்கு அவசியம் வரவில்லை.

“வரிசை இருக்கு சார்,” என்றான் குமாஸ்தா. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

“மூத்தவர்ப்பா அவர்.” இயக்குநர் கவுன்ட்டருக்கு மேல் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். “உனக்கு வெள்ளிக்கிழமை ஏதோ வேணும்னு மேடம் சொன்னாங்க. லீவு மொத்தமும் தீர்ந்துபோச்சாமே. நான் விசேஷ லீவு தரலாம். எனக்கு மட்டும்தான் அந்த அதிகாரம்.”

குமாஸ்தா பெட்டியைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். படத்தில் பெட்டி பளபளவென்று இருந்தது, பக்கத்தில் இயக்குநர் தலை நிறைய முடியோடு. பெட்டியின் உருகின மூலையைப் பார்க்காமல் பார்த்தால் ஒத்துப்போனது. அவன் மனதில் மனைவியின் தொண்டை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இயக்குநரின் பாஸ்வேர்டில் திறந்து கொடுத்தார்கள். அவன் பொத்தானைத் தட்டினான்.

சான்று வந்தது. ‘மேற்கண்டவர் என் முன் நேரில் தோன்றினார். உயிருடன் உள்ளார்.’

ரயில் டிரைவர் எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். “ஏன் தம்பி, இது மூச்சு விடுதா?”

குமாஸ்தா அச்சு மெஷினில் அடுத்த தாளைச் சொருகினான்.

“நான் விடறேன். பாரு.” முகத்தைக் கவுன்ட்டர் கம்பிக்கு அருகில் கொண்டுவந்து ஊதினார். வெற்றிலை வாசனை இல்லை, மாத்திரை வாசனை. “என்னையும் அப்படியே தட்டி விடேன். திறந்துதானே இருக்கு.”

குமாஸ்தா அவர் படத்தை எடுத்தான். அதில் அவருக்கு மீசை இருந்தது. இப்போது இல்லை. “முகம் ஒத்துப்போகலையே,” என்று நிர்வாக அதிகாரி பின்னாலிருந்து சொன்னார். “மீசை வளர்ந்ததும் வாங்க, பெரியவரே.” இயக்குநரின் லாகினை மூடினார்கள். தள்ளுவண்டி கிளம்பியது. டிரைவர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, அது போன பிறகும் கொஞ்ச நேரம் ஒதுங்கியபடியே நின்றார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. மீசைக்காகக் காத்திருந்தாரோ என்னவோ.

அதோடு முடிந்தது என்று குமாஸ்தா நினைத்தான். சான்று வாங்கியதுதான் வினையாகிவிட்டது. தணிக்கைக்காரர்கள் சான்றைப் படித்துத் திருப்தியடைந்து, உயிரோடு இருப்பவர் ஏன் பதில் சொல்வதில்லை என்று கேட்டார்கள்.

மறுபடி கூட்டம். நெட்வொர்க் பெண் மறுபடி நின்றாள். “ஒரு வரி சார்,” என்றாள். பழக்கத்தில் சொன்னதுதான், நம்பிக்கையில் இல்லை.

“கூடாது,” என்றார் இயக்குநர். “கேள்வி கேட்டா மூத்தவரோட அறையிலேர்ந்து ‘இருக்கேன்’னு பதில் வரணும். அவ்வளவுதானே?”

“அந்த அறையில ஒரு சின்ன கம்ப்யூட்டரை வெச்சு, தானா பதில் சொல்ற மாதிரி பண்ணிடலாம் சார்.”

“தானா சொன்னா அது இன்னொரு மெஷின். மூத்தவரை மாத்திட்டதா ஆயிடும். ஆள் உக்காந்து சொன்னா தற்காலிக ஏற்பாடு. தற்காலிக ஏற்பாட்டுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.” இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை நின்ற இடத்தில் குமாஸ்தா இருந்தான். “நாலு. நீதானே உயிரோட இருக்கார்னு சொன்னவன்? நீயே பதில் சொல்லு.”

இப்படியாக அவன் மூத்த சர்வரின் பதிலாள் ஆனான்.

பித்தளைத் தகடு போட்ட அறை மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. கறுப்புப் பெட்டி நடுவில். பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு சின்னத் திரை, ஒரு கீபோர்டு. பாதுகாப்பு விதிப்படி கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டால்தான் உள்ளே திரை எரியும். போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளியிடம் ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டுமானால் காவலாளியின் கம்ப்யூட்டரில் அனுமதி தோன்ற வேண்டும். அவர் வரிசையில் கடைசி ஆள். ஆகவே எல்லோரும் உள்ளே நுழைந்து முடித்த பிறகுதான் அவர் நுழைவார்; அவர் நுழைந்த பிறகுதான் கதவு திறக்கும்.

திரையில் கேள்வி வரும். ‘இருக்கிறீர்களா?’ அவன் என்டர் தட்டுவான். மறுபடி வரும். மறுபடி தட்டுவான். இடையில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருட்டில் அதுவும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஒரு வகையில் வசதிதான்: அந்த அறையில் அவனுக்கு லாகின் இல்லை, வட்டம் இல்லை, திட்டுகிறவர்கள் இல்லை. கீழே கம்ப்யூட்டர்கள், முறை வந்து பாஸ்வேர்டு அடித்ததும் திறந்தன. தலைமையகம் பாராட்டியது. விரைவு லாகின் வாரத்தின் வெற்றி என்று இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை மாலை அவன் இயக்குநர் அறைக்குப் போனான்.

“சார், நாளைக்கு அந்த விசேஷ லீவு.”

“ஞாபகம் இருக்கு. வாக்குன்னா வாக்கு.”

“இப்பவே பதிஞ்சுட்டீங்கன்னா நான் காலைல நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன் சார். காலைல மணி அடிக்கறதுக்குள்ள பதிவாகலேன்னா மெஷின் பேரை அடிச்சிடும். ஆஸ்பத்திரில காப்பீட்டுக் கவுன்ட்டர்ல பாப்பாங்க.”

இயக்குநர் வருத்தத்தோடு உச்சுக்கொட்டினார். “லீவு அன்னைக்குக் காலைலதான் பதிய முடியும். முந்தின நாளே போட்டா, நாளைக்கு நீ உயிரோட இருப்பேன்னு என்ன நிச்சயம்? நம்ம ஆபீஸே அந்தக் கேள்வி மேலதான் நிக்குது. கவலைப்படாதே. உனக்காக நாளைக்கு நான் சீக்கிரம் வர்றேன்.”

வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவர்மேல் பழி போட்டதாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக, இயக்குநர் மணி அடிப்பதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தார்.

குமாஸ்தாவும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வாடகைக் காரில் இருந்தபோது நிர்வாக அதிகாரியின் போன் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன் மேடம். லீவு பதிஞ்சாச்சா?”

“அதுதான் சார் உக்காந்திருக்கார். பாஸ்வேர்டு அடிச்சாச்சு. வட்டம் சுத்துது.”

“சுத்தட்டும் மேடம். முன்ன மாதிரி கொஞ்ச நேரத்துல தானா இளையவர்கிட்ட போயிடுமே.”

“இப்ப போகாது. மூத்தவர் பதில் சொல்றார்னு ஆன பிறகு, அவரைத் தாண்டிப் போற வழியை மூடிட்டோம். தணிக்கைல கேட்டாங்க. நீங்க வந்து ஒரு தட்டு தட்டினாதான் சார் உள்ள போக முடியும். சார் உள்ள போனாதான் உங்க லீவு. ஒரு நிமிஷ வேலை.”

அவன் மனைவியைப் பார்த்தான். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

“போயிட்டு வாங்க,” என்றாள். “ஆனா நான் கீழ கார்லயே இருப்பேன். இறங்கமாட்டேன். மாடிக்கு வந்தா எனக்கும் உயிர்ச்சான்று கேப்பாங்க.”

கார் டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

குமாஸ்தா படிகளில் ஓடினான். ஹாலில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. நான்காம் கவுன்ட்டரில் புது ஆள் ஒருத்தன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் கை கட்டி, ரொம்பப் பழகின ஆள் மாதிரி, பொறுமையாகக் காத்திருந்தார். அவனைப் பார்த்து ஆதரவாகத் தலையசைத்தார்.

நிர்வாக அதிகாரி மாடிப்படி முனையில் நின்றிருந்தார். “சீக்கிரம், சீக்கிரம். மணி அடிக்கப் போகுது.”

“மேடம், உள்ள போனா உடனே வெளிய வந்துடணும். வரிசை சீக்கிரம் முடியுமா? எல்லாரும் வந்துட்டாங்களா?”

“வர வேண்டியவங்க எல்லாரும் வந்துட்டாங்க. நீங்கதான் பாக்கி.”

காவலாளி தட்டை நீட்டினார். குமாஸ்தா போனை அதில் போட்டான். போட்ட பிறகும் அது நடுங்கிக்கொண்டிருந்தது, மனைவி கூப்பிடுகிறாள். எடுக்கக் கையை நீட்டினான். காவலாளி தட்டை மரியாதையாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, இன்னைக்கு மட்டும் பூட்டாம சாத்தி வைங்களேன்.”

“பூட்டலேன்னா உள்ள திரை எரியாது சார். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். உள்ளே போனான். கறுப்புப் பெட்டி நேற்று விட்ட இடத்தில் இருந்தது. அணைந்த திரைக்கு முன்னால், ஸ்டூலில் உட்காராமல், என்டர் மேல் விரலை வைத்தபடி நின்றான். ஒரு தட்டு, அப்புறம் வரிசையாக எல்லோருக்கும் ஒரு தட்டு, கடைசியில் காவலாளிக்கு ஒரு தட்டு. வேகமாகத் தட்டினால் கார் கிளம்பிவிடும்.

“சீக்கிரம் திறந்துடுவீங்கதானே அண்ணே?” என்றான் திரும்பாமல்.

“என் முறை வந்ததும் திறந்துடுவேன் சார்.” காவலாளி கதவை இழுத்தார். “சட்டப் பிரிவு சார் ஒருத்தர்தான் இன்னைக்கு லீவு. வீட்ல ஏதோ விசேஷம்னார். சாயங்காலம் வரிசை கலைஞ்சதும் முதல் வேலையா…”

குமாஸ்தா திரும்பிப் பாய்ந்தான். அவன் கை போய்ச் சேருவதற்குள் கதவு சாத்தியது. பித்தளைத் தகடு ஒரு தடவை அதிர்ந்தது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.